முதல் டிஎஸ்எல்ஆர்: கடற்கரைக் கோயிலுக்கா, வீட்டு ஹாலுக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாற்றாமல், படிக்க வசதியாக அங்கங்கே திருத்தப்பட்டுள்ளது.)

போன மாசம் செங்கல்பட்டுலேருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. மாமியார் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டுல. அங்கே மனைவியோட பாட்டி இருக்காங்க, 80 தாண்டியவங்க. கையில 40,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கார். கேள்வி இதுதான்: "குடும்பப் படம் எடுக்க முதல் முதலா ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கணும். கடற்கரைக் கோயில் முன்னாடி விடியற்காலையில என் பொண்ணை நிறுத்தி ஒரு படம் எடுக்கணும்னு ஆசை. எந்த மாடல் வாங்கலாம்?" போனை வைக்கிறதுக்கு முன்னாடி, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இன்னொண்ணும் சொன்னார். "பாட்டியோட நல்ல படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல சார்."

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாப் பட்டது. நம்ம பக்கத்துல நடக்கறது உங்களுக்கே தெரியும். வீட்ல ஒரு பெரியவர் தவறிட்டா, அன்னிக்கு மத்தியானமே கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேணும். ஆல்பத்தைப் புரட்டுவாங்க, ஆளாளுக்குப் போன்ல தேடுவாங்க. கல்யாண க்ரூப் போட்டோல மூணாவது வரிசையில பாதி முகம் தெரியும். கடைசியில வாக்காளர் அட்டையில இருக்கிற ஸ்டாம்ப் சைஸ் படத்தைப் பெரிசாக்கி, பின்னாடி நீல வானத்தை ஒட்டிக் கொடுப்பாங்க. அதுக்குத்தான் அப்புறம் மாலை போட்டு, இருபது வருஷம் சுவத்துல மாட்டி வைக்கிறோம். ஒரு மனுஷி 80 வருஷம் வாழ்ந்ததுக்கு, அரசாங்க கேமரா முன்னாடி முறைச்சுக்கிட்டு உட்கார்ந்த அந்த ஒரு நொடிதான் மிச்சம்.

அதனால இந்த எபிசோட்ல நான் சொல்லப் போறது ஒரே விஷயம்தான். கேமராவைக் கடற்கரைக் கோயிலை மனசுல வச்சுத் தேர்ந்தெடுக்காதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு உங்க வீட்டு ஹால்ல எரியற ட்யூப்லைட்டை மனசுல வச்சுத் தேர்ந்தெடுங்க.

ஏன்னா, கோயில் முன்னாடி எந்தக் கேமராவும் நல்லாவே எடுக்கும். கிழக்குக் கடற்கரை, காலை வெளிச்சம், திறந்த வானம். உங்க போன்கூட அங்கே சோடை போகாது. மாமல்லபுரத்துல சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுத்துக் கையோட பிரிண்ட் போட்டுத் தர்றவங்களைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை அவங்க கழுத்துல தொங்கற பாடியைக் கவனிங்க. பெரும்பாலும் பழைய ஆரம்பநிலை கேமரா, கூடவே வந்த கிட் லென்ஸ், ரப்பர் தேஞ்சு போயிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு அது தாராளமாப் போதும்.

மெகாபிக்சலைப் பத்தியும் இங்கேயே சொல்லி முடிச்சுடறேன், நிறைய பேர் இதுலதான் நேரத்தைச் செலவு பண்றாங்க. 4க்கு 6 அங்குல பிரிண்ட், நல்ல தரத்துல போட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். சுவத்துல மாட்டற 8க்கு 12 பிரிண்டுக்கு 9 மெகாபிக்சல். 2006ல வந்த நிக்கான் டி40 வெறும் 6 மெகாபிக்சல்தான், அதுல எடுத்த குடும்ப ஆல்பங்கள் இன்னைக்கும் அழகா இருக்கு. இப்ப நீங்க பார்க்கிற கேனான் 1500டி, 200டி மார்க் 2, நிக்கான் டி3500, டி5600 எல்லாமே 24 மெகாபிக்சல். அந்தக் கட்டத்தை டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்.

இப்ப ஹாலுக்கு வருவோம். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க, காசு செலவில்ல. இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும், குழந்தை ஹால்ல ஓடிக்கிட்டிருக்கும்போது போன்லயே நாலு படம் எடுங்க. அப்புறம் கேலரியில அந்தப் படத்தோட விவரத்தைத் திறந்து பாருங்க. 1/25, 1/30 அப்படீன்னு ஒரு எண் இருக்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்ததுன்னு அர்த்தம். உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு 1/60 இருந்தா ஏறக்குறையச் சமாளிக்கலாம். ஓடற குழந்தைக்கு 1/250 வேணும். அதுக்குக் கீழே போனா கை நாலா தெரியும், முகம் கரைஞ்சு போயிருக்கும்.

"அதுக்குத்தானே டிஎஸ்எல்ஆர் வாங்கறேன்"னு கேப்பீங்க. இங்கேதான் பல பேர் ஏமாந்து போறாங்க. டிஎஸ்எல்ஆர் கூட பெட்டியில வர்ற 18-55 கிட் லென்ஸ், ஜூம் பண்ணி 55க்குக் கொண்டு போனீங்கன்னா எஃப் 5.6. அதாவது லென்ஸோட வாய் அவ்வளவு குறுகல். நடுத்தர விலைப் போன்ல எஃப் 1.8. கேமராவோட சென்சார் அரை அங்குல போன் சென்சாரைவிடச் சுமார் பத்து மடங்கு பெரிசு, உண்மைதான். ஆனா எஃப் 5.6ல உள்ளே வர்ற வெளிச்சம், எஃப் 1.8ல வர்றதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. அதுக்கும் மேல போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்துச் சுத்தம் பண்ணும். கேமரா அதைப் பண்ணாது. அதனாலதான் வாங்கின முதல் வாரத்துல, "40,000 கொட்டியும் போன் மாதிரிதானே இருக்கு?"ன்னு வீட்ல கேக்கறாங்க. கேக்கறவங்க மேல தப்பில்ல. பாடியிலயும் தப்பில்ல. அந்த லென்ஸோட அளவு அவ்வளவுதான்.

கிட் லென்ஸைக் கழட்டிட்டு எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணை மாட்டினா, அதே ஹால்ல, அதே ட்யூப்லைட்ல, 1/30 காட்டின இடத்துல கிட்டத்தட்ட 1/300 கிடைக்கும். ஜூம் இருக்காது, நீங்கதான் முன்னாடி பின்னாடி நடக்கணும். ஆனா ஓடற குழந்தை உறைஞ்சு நிக்கும். டிஎஸ்எல்ஆர் வாங்கறதோட அர்த்தம் அந்த லென்ஸ்லதான் இருக்கு.

எந்த லென்ஸ்? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு "50 எம்எம் வாங்கு"ன்னு சொல்லுவாங்க. நல்ல லென்ஸ்தான், கேனான்ல 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் புதுசே ஏறக்குறைய பத்தாயிரத்துக்குக் கிடைக்கும். ஆனா உங்க ஹால் எவ்வளவு பெரிசு? பத்துக்குப் பன்னெண்டு அடி ஹால்னு வச்சுக்குவோம். நீங்க ஒரு சுவத்துல முதுகை ஒட்டி நின்னா, எதிர்ல இருக்கறவங்க பத்தடி தூரத்துல இருப்பாங்க. அந்தத் தூரத்துல 50 எம்எம் லென்ஸ் இந்த வகை கேமராவுல நாலரை அடி அகலம்தான் காட்டும். பாட்டியும் பேத்தியும் பக்கத்துல பக்கத்துல உட்காரலாம். தாத்தாவும் வந்துட்டா ஒரு தோள் வெட்டுப்படும். அதே இடத்துல நிக்கானோட 35 எம்எம் எஃப் 1.8, டிஎக்ஸ் வகை, ஆறரை அடி காட்டும். கேனான்ல 24 எம்எம் எஃப் 2.8னு ஒரு தட்டை லென்ஸ் இருக்கு, அடை மாதிரி சின்னதா இருக்கும், ஒன்பது அடி காட்டும். ஆனா வெளிச்சத்துல எஃப் 1.8 அளவுக்கு வராது.

அதனால என் சொந்தக் கருத்து: சின்ன ஹால், அடுக்குமாடி வீடு, குழந்தை, பாட்டி இதுதான் உங்க உலகம்னா, நிக்கான் பாடியும் அந்த 35 எம்எம்மும்தான் சரியான ஜோடி. பழைய வீடு, நீளமான கூடம், முற்றம் எல்லாம் இருக்குன்னா கேனானும் 50 எம்எம்மும் அருமையா இருக்கும். வீடியோவும் நிறைய எடுப்பீங்க, திரையைப் பார்த்தே எடுக்கணும்னா கேனான் 200டி மார்க் 2 பக்கம் போங்க. அதுல திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமா இருக்கும், 1500டில அந்த வசதி இல்ல.

ரெண்டு கண்ணி இருக்கு, கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. நிக்கான்ல 50 எம்எம் எஃப் 1.8 ரெண்டு விதமா வருது: பேர்ல "டி"ன்னு முடியறது ஒண்ணு, "ஜி"ன்னு முடியறது ஒண்ணு. "டி" மலிவு. ஆனா டி3500, டி5600 மாதிரி பாடிகளுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த "டி" லென்ஸ் அதுல தானா ஃபோகஸ் ஆகாது, கையாலதான் திருப்பணும். ஓடற குழந்தையை அப்படி எடுக்க முடியாது. ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதே மாதிரி ஏஎஃப்-பி லென்ஸ் சில பழைய பாடிகள்ல வேலை செய்யாது, பழசு வாங்கும்போது மாட்டிப் பாருங்க. ரெண்டாவது கண்ணி கேனான்ல: 200டி மார்க் 2, 3000டி இதுல எல்லாம் ஃப்ளாஷ் மாட்டற இடத்துல நடு முனை கிடையாது. மலிவான வேற கம்பெனி ஃப்ளாஷ் பல அதுல அடிக்காது.

இன்னொரு கேள்வி வரும்: "இப்ப டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா? காலம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே?" பாதி உண்மை. 2003ல கேனான் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தப்பதான் சாதாரணக் குடும்பங்கள் டிஎஸ்எல்ஆர் பக்கமே திரும்பிப் பார்த்தாங்க. 2020க்குப் பிறகு கேனானும் சரி நிக்கானும் சரி, புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் கொண்டு வரல, எல்லாம் மிரர்லெஸ். மிரர்லெஸ்ல குழந்தையோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற வசதி இருக்கு, அது நிஜமாவே பெரிய விஷயம். பட்ஜெட் இதைப்போல ரெண்டு மடங்கு இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன். 40,000ல, நல்ல லென்ஸும் சேர்த்து வேணும்னா, பயன்படுத்தின டிஎஸ்எல்ஆர்தான் கட்டுப்படியாகும். எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கிட்டிருக்கறதால நல்ல பாடிகள் வெளியே வந்துக்கிட்டே இருக்கு. நாளைக்கு நீங்களும் மாறினா, கேனான் இஎஃப் லென்ஸ், நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸ் எல்லாம் ஒரு அடாப்டர் போட்டுப் புதுப் பாடியிலயும் ஓடும். லென்ஸுக்குப் போட்ட காசு வீணாகாது.

விலை வாரத்துக்கு வாரம் மாறுது, அதனால பங்குக் கணக்கா சொல்றேன். 40,000ல பாடிக்கு 22,000க்கு மேல போகாதீங்க. லென்ஸுக்குப் பத்து, பன்னெண்டாயிரம். மிச்சத்துல ஒரிஜினல் பேட்டரி ஒண்ணு கூடுதலா, மெமரி கார்டு ரெண்டு, ஈரம் புகாத டப்பா, பிரிண்டுக்குக் கொஞ்சம். "காம்போ"ன்னு ஒரு பை, ஒரு ட்ரைபாட், 55-250 ஜூம், ஒரு குட்டி ட்ரைபாட், ஏதோ ஃபில்டர் எல்லாம் சேர்த்துக் கொடுப்பாங்க. அந்த ஜூம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் வேடந்தாங்கலுக்கும் ஆகும். இப்ப அது வேண்டாம். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வயசுதானே ஆகுது.

பழசு வாங்கும்போது என்ன பார்க்கணும்? பில், அதுல இருக்கிற சீரியல் நம்பர் பாடியில இருக்கிறதோட ஒத்துப் போகுதா, முதல்ல அது. அப்புறம் ஷட்டர் எண்ணிக்கை. ஆரம்பநிலை பாடிகளுக்கு ஒரு லட்சம் வரைன்னு பொதுவா சொல்வாங்க, 20,000, 30,000 ஓடினது கிடைச்சா நிம்மதியா எடுக்கலாம். கல்யாண போட்டோகிராபர் கையில இருந்து வந்ததா, வீட்ல பீரோவுல தூங்கினதான்னு அதுலயே தெரிஞ்சுடும். எஃப் 16 வச்சு வெள்ளைச் சுவத்தை ஒரு படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க, சென்சார்ல தூசு இருந்தா கரும்புள்ளியா தெரியும். துடைச்சுடலாம், விலை பேச உதவும்.

ஆனா பீரோவுல தூங்கின கேமராவுக்கு வேற ஒரு வியாதி உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாப் பேசணும், ஏன்னா நாம கடலோரத்து ஆளுங்க.

லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். ஃபங்கஸ்னு கடையில சொல்வாங்க. ஈரக்காத்து, இருட்டு, அசையாத இடம், இந்த மூணும் சேர்ந்தாப் போதும். கோவளத்துலேருந்து கல்பாக்கம் வரைக்கும் வருஷம் பூரா காத்துல ஈரமும் உப்பும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில செங்கல்பட்டு ஊருக்குள்ளயும் அதே கதைதான், கொளவாய் ஏரிக்கரை வீடுகள்ல சுவரே பூத்துப் போகும். பழைய லென்ஸ் வாங்கும்போது ரெண்டு பக்க மூடியையும் கழட்டிட்டு, ஒரு பக்கத்துலேருந்து போன் டார்ச் அடிச்சு, மறுபக்கத்துலேருந்து சாய்வாப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் நூலாத் தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுங்க. "க்ளீன் பண்ணித் தர்றேன்"னு சொன்னாலும் வேண்டாம். கண்ணாடி மேல இருக்கிற பூச்சையே அது அரிச்சிருக்கும்.

வாங்கின பிறகு எங்கே வைக்கிறது? நம்ம வீடுகள்ல விலை உசந்த பொருள் எல்லாம் போற இடம் ஒண்ணுதான்: பீரோ, பட்டுப் புடவைக்கு நடுவுல. தயவுசெய்து அங்கே வைக்காதீங்க. துணி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அதைவிட மோசம், புடவைக்குப் போடற பாச்சா உருண்டை. நாப்தலீன், சூடம் இது ரெண்டும் இருக்கிற இடத்துல கேமராவை வைக்காதேன்னு கேமரா கையேட்டுலயே போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறா? கேமராவோட வந்த பைக்குள்ளயே மாசக்கணக்கா மூடி வைக்கிறதும் கூடாது.

பலசரக்கு வைக்கிற மாதிரி இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்குங்க. உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறற வகை. ஈரம் குடிச்சு நிறம் மாறினதும் சூடு பண்ணித் திரும்பப் போடலாம். கூட ஒரு சின்ன ஈரமானி போட்டுட்டா உள்ளே 40, 50 சதவீதத்துல நிக்குதான்னு பார்த்துக்கலாம். அரிசி போட்டு வைன்னு சொல்றவங்க உண்டு. அரிசி மாவுதான் லென்ஸுக்குள்ள போகும். உலர் அலமாரின்னு மின்சாரத்துல ஓடறதும் கிடைக்குது, ஒரு கேமரா ஒரு லென்ஸுக்கு அது அதிகம். எல்லாத்தையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்தறது.

கடற்கரையில லென்ஸ் மாத்தாதீங்க. ஒரு மணல் பொடி ஜூம் வளையத்துக்குள்ள போனா அரைக்கிற சத்தம் உங்களுக்கே கேக்கும். ஏசி காருலேருந்து நேரா இறங்கிப் படம் எடுக்கப் போனா லென்ஸ் வேர்த்துப் போகும். துடைக்க ஆரம்பிச்சுடுவோம், அது கூடாது. திருக்கழுக்குன்றம் தாண்டினதுமே ஏசியை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்துடுங்க, கேமராவை ஒரு ஜிப் கவருக்குள்ள வச்சு மூடுங்க. செங்கல்பட்டுலேருந்து மாமல்லபுரம் மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான், அந்தக் கடைசிப் பகுதியில அது வெளிக்காத்துச் சூட்டுக்குப் பழகிடும். வீட்டுக்கு வந்ததும் லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால பாடியை ஒரு துடை, பிறகு காஞ்ச துணி. உப்புக்கு அது போதும்.

சரி, வாங்கியாச்சு. எப்படி எடுக்கறது? கேமரா மேல இருக்கிற வட்டத்துல கேனான்னா டிவி, நிக்கான்னா எஸ், அதுல வச்சு 1/250 போடுங்க. ஐஎஸ்ஓவை ஆட்டோல விடுங்க, 6400 வரைக்கும் போகட்டும். படத்துல கொஞ்சம் மணல் மணலா வரும். வரட்டும். மணல் மணலா இருக்கிற சிரிப்பை வீட்ல எல்லாரும் ரசிப்பாங்க, கலைஞ்சு போன முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. ட்யூப்லைட், மலிவான எல்இடி கீழே எடுத்தா சில படம் மஞ்சளாவும் சில படத்துல பட்டை பட்டையாவும் வரலாம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்குது, அதோட வேலை அது. பாட்டி மாதிரி அசையாம உட்கார்ந்திருக்கறவங்களுக்கு 1/100க்கு இறக்கிட்டா போயிடும்.

ஃபோகஸுக்கு 1500டில 9 புள்ளிதான், டி3500ல 11. எல்லாத்தையும் கேமரா இஷ்டத்துக்கு விடாதீங்க, மூக்கையும் தலைகாணியையும் பிடிச்சுக்கும். நடுப் புள்ளி ஒண்ணை மட்டும் வச்சுக் கண்ணு மேல வைங்க. 50 எம்எம்ல எஃப் 1.8 வச்சு ஒரு மீட்டர் கிட்டப் போய்க் குழந்தையை எடுத்தா, துல்லியமாத் தெரியற ஆழம் மூணு சென்டிமீட்டர்கூட இல்ல. கண்ணு தெளிவா இருக்கும், காது கரைஞ்சிருக்கும். அழகுதான். ஆனா பாட்டி மடியில பேத்தி உட்கார்ந்திருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தெளிவா வருவாங்க. அப்ப ஏ மோடுக்கு மாத்தி எஃப் 4 வைங்க, அல்லது ரெண்டடி பின்னாடி போங்க.

பாட்டிக்கு ட்யூப்லைட்டே வேண்டாம். பகல்ல விளக்கை அணைச்சுட்டு, வாசக்கதவைத் திறந்து வச்சு, கதவுலேருந்து மூணு நாலு அடி உள்ளே உட்கார வைங்க, முகம் பாதி வாசல் பக்கம் திரும்பி இருக்கட்டும். வெயில் நேரா விழக்கூடாது, தரையில பட்டு வர்ற வெளிச்சம் போதும். வெத்தலை இடிக்கிறாங்களா, வலை பின்னறாங்களா, கீரை ஆயறாங்களா, அதைச் செய்யச் சொல்லுங்க. "பாட்டி, இங்க பாரு"ன்னு சொன்னதும் வாக்காளர் அட்டை முகம் வந்துடும். பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, பழைய கதை ஏதாவது கேளுங்க, கேமரா சத்தம் அவங்களுக்குப் பழகறவரைக்கும் சும்மா தட்டிக்கிட்டே இருங்க. பத்து நிமிஷம் ஆகும்.

பழனி குமார்னு ஒரு புகைப்படக் கலைஞர், மதுரைப் பக்கத்துக்காரர், பாரி இணையதளத்துக்காக வேலை செய்யறவர். அவரோட அம்மா மீன் வியாபாரம் பண்ணிக் குடும்பத்தைக் காப்பாத்தினவங்க. அந்த அம்மாவையே, தெருவிளக்கு வெளிச்சத்துல மீன் எடுக்கப் போற அவங்க நாளை, படமா எடுத்து எழுதியிருக்கார். 2022ல தயானிதா சிங் பேர்ல பாரி கொடுத்த முதல் ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான். கேமரா வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் படங்களை ஒரு தடவை தேடிப் பார்த்துடுங்க. யூடியூப்ல மாடல் ஒப்பீடு பத்து வீடியோ பார்க்கறதைவிட, வீட்டு ஆளை எப்படிப் பார்க்கறதுன்னு அதுல அதிகமாக் கத்துக்கலாம்.

இன்னொண்ணு, வீட்ல கேமரா யார் கையில இருக்கோ அவர் எந்தப் படத்துலயும் இருக்க மாட்டார். பெரும்பாலும் அப்பா. அதனால கனமில்லாத பாடியா பாருங்க. டி3500 பேட்டரியோட 415 கிராம், 200டி மார்க் 2 அதைவிடக் கொஞ்சம் அதிகம், 1500டி 475. கடையிலயே உங்க மனைவி கையிலயும் கொடுத்துப் பாருங்க. அவங்களுக்குப் பிடி வசதியா இல்லைன்னா அடுத்த மாடலைப் பாருங்க. "அது அவரோட கேமரா, தொடாதே"ன்னு வீட்ல ஒரு பேச்சு வந்துடுச்சுன்னா, உங்க பொண்ணோட ஆல்பத்துல அப்பாவே இருக்க மாட்டார்.

இப்ப கடற்கரைக் கோயிலுக்கு வருவோம், அந்த ஆசையையும் விட்டுட வேண்டாம். காலையில ஆறு மணிக்குத் திறந்ததும் உள்ளே போயிடுங்க. சூரியன் கடல் பக்கமா எழும்பும். நீங்க மேற்கே நின்னு கோயிலைப் பார்த்து எடுத்தா சூரியன் எதிர்ல. பொண்ணோட முகம் கருத்துப் போகும், கோயில் நிழலுருவமா அழகா வரும். அது வேணும்னா அது. முகம் வேணும்னா கேமராவுல இருக்கிற சின்ன ஃப்ளாஷைத் திறந்து விடுங்க, பகல்ல ஃப்ளாஷ் எதுக்குன்னு நினைக்காதீங்க, முகத்தைத் தூக்கிக் கொடுக்கும். ட்ரைபாட் எடுத்துட்டுப் போகாதீங்க, தொல்லியல் துறை அனுமதி இல்லாம உள்ளே விட மாட்டாங்க. அப்புறம் அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறை கிழக்கே பார்த்திருக்கு, அதனால காலையிலதான் அது மேல வெளிச்சம் விழும். மத்தியானத்துக்கு மேல நிழலுக்குள்ள போயிடும், சிற்பம் தட்டையாத் தெரியும். ஐந்து ரதத்துக்கு உச்சி வெயில்ல போகாதீங்க, கண்ணுக்குழி கருப்பா வரும். போயிட்டா ரதத்தோட நிழல்ல நிறுத்தி எடுங்க. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் குழந்தை ஒத்தைக் கையால தாங்கற படம் எல்லாருக்கும் வேணும். அதுக்குப் போனை எடுங்க. போனோட அகல லென்ஸ்ல குழந்தையைக் கிட்ட நிறுத்தி, பாறையைத் தூரத்துல வச்சா சட்டுனு அமையும். 35 எம்எம்மை வச்சுக்கிட்டு நீங்க சாலை வரைக்கும் பின்னாடி போக வேண்டியிருக்கும்.

கடைசியா, எடுத்ததை என்ன பண்றது? 2004 டிசம்பர் 26 காலையில சுனாமி வந்தப்ப இந்தக் கரையோரக் குப்பங்கள்ல எத்தனையோ வீட்டு ஆல்பம் போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ப் பக்கம் ஆல்பமும் போச்சு, படம் இருந்த கம்ப்யூட்டரும் போச்சு. அதனால ரெண்டு பிரதி, ரெண்டு வெவ்வேற வீட்ல. ஹார்டு டிஸ்க் ஒண்ணு செங்கல்பட்டுல, இன்னொண்ணு அண்ணன் வீட்டுல, தங்கச்சி வீட்டுல, எங்கேயாவது மேட்டுப் பக்கம். கார்டுல இருக்கு, போன்ல இருக்குன்னு விடாதீங்க. மாசத்துக்குப் பத்துப் படம் மட்டும் தேர்ந்தெடுத்து 4க்கு 6ல பிரிண்ட் போடுங்க, ஆயிரத்தைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தா நடக்காது. பிரிண்ட் பின்னாடி பென்சில்ல தேதியும், படத்துல யார் யார் இருக்காங்கன்னும் எழுதுங்க. கொக்கிலமேட்டுப் பாட்டிக்கு எடுத்ததுல ஒண்ணை 8க்கு 12 போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, அவங்க கையிலயே இப்பவே கொடுத்துடுங்க. கடல்காத்து வீடு, அதனால சட்டத்துக்குப் பின்பக்கம் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்க, இல்லைன்னா ரெண்டே மழைக்காலத்துல படம் கண்ணாடியோட ஒட்டிக்கும்.

அடுத்த எபிசோட்ல கேமராவோட வர்ற அந்தச் சின்ன ஃப்ளாஷைப் பத்தியும், வெள்ளைச் சீலிங்ல வெளிச்சத்தை மோத விட்டு எடுக்கறதைப் பத்தியும் பேசலாம்.